பெருவாளை மெதுவாகவே விட்டுவையுங்கள்

அண்ணன் மகன் லீவுக்குக் கொழிஞ்சாம்பாறை வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து எல்டன் ரிங் வீடியோ கேம்தான். அந்த கேமில் கேலிட் என்ற பகுதியில் நிற்கும் வண்டியின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து கிரேட்ஸ்வோர்ட் என்ற பெருவாளை எடுத்த அன்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் முகம் வாடிவிட்டது. "ஓங்கறதுக்குள்ள எதிரி ரெண்டு வெட்டு வெட்டிர்றான் சித்தப்பா. இத வெச்சு யாரு ஆடுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஜப்பானிய வாளான கட்டானாவை எடுத்துக்கொண்டான்.

இந்தப் புலம்பலைப் பல இடத்தில் கேட்டுவிட்டேன். பெரிய வாள்களை வேகமாக்கச் சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் அப்டேட்டில் கொஞ்சம் வேகம் கூட்டினார்கள், சரி. அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அந்த வாளின் எடைக் கணக்கு 23. ஒரு கையில் பிடிக்க ஸ்ட்ரென்த், அதாவது நம் ஆளின் பலம், 31 வேண்டும். இரண்டு கையாலும் பிடித்தால் நம் பலத்தை ஒன்றரை மடங்காகக் கணக்கெடுப்பதால் 21 இருந்தாலே போதும். ஆனால் அப்போது கேடயம் பிடிக்கக் கை இருக்காது. இந்தப் பேரம்தான் எனக்கு உயிர். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் கோயிலில் சாமியாடும் வெளிச்சப்பாடு எடுத்து ஆடும் பள்ளிவாள் ஒரு கையில் அடங்கிவிடும். களரியில் வாள் ஒரு கையில் என்றால் பரிசை என்கிற கேடயம் மறு கையில். பெருவாள் எடுத்தவனுக்கு மறைந்துகொள்ள எதுவும் கிடையாது. எப்போது ஓங்குவது என்ற முடிவு ஒன்றுதான் அவனுக்குக் காவல். வாளை வேகமாக்கிவிட்டால் அந்த முடிவுக்கே வேலை இல்லாமல் போய்விடும்.

நிஜ வாள் இவ்வளவு கனம் இல்லை என்பார்கள். உண்மைதான். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கூலிப்படையினர் போருக்குக் கொண்டுபோன இருகை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோதான். அதைச் சுழற்றத் தெரிந்தவனுக்கு இரட்டைச் சம்பளம்கூட உண்டு. ஆனால் கேமில் இருப்பது ஆள் உயர இரும்புப் பாளம். அது கண்ணுக்கு எவ்வளவு கனமோ, கன்ட்ரோலரிலும் அவ்வளவு கனம் தெரிய வேண்டும்.

அப்பா கிணற்று மேட்டில் பாறை உடைத்த நாட்களில் சம்மட்டியை என்னிடமும் கொடுத்துப் பார்ப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிப்பேன், உளி நழுவும். "தூக்கறதுக்குத்தான் கண்ணு பலம் வேணும். எறக்கறப்ப அதும்பாட்டுக்கு விழும், நீ எடத்த மட்டும் பாரு" என்பார். தலைக்கு மேல் போனதும் அரை நொடி நிறுத்துவார். அப்புறம் ஒரே அடி, பாறையில் கோடு விழும். அந்த அரை நொடியை வேறு எந்த கேமிலும் இவ்வளவு சரியாக நான் பார்த்ததில்லை.

நேற்று ராத்திரி பையனிடம் இதைத்தான் சொன்னேன். அரைமனதாக வாளை மாற்றினான். க்ரூசிபிள் நைட் என்ற எதிரி வீரனிடம் நான்கு முறை செத்தான். ஐந்தாவது முறை அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி வந்தான். நைட் ஈட்டி குத்தித் தவறிய நேரம், எகிறி இறக்கினான். மறுபடி ஒதுங்கினான், மறுபடி காத்திருந்தான், இறக்கினான். மூன்றாவது அடிக்கு அந்த நைட் முழங்கால் போட்டான்.

பையன் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. கேடயத்தைக் கழற்றிவிட்டு அடுத்த கதவைத் திறந்தான்.