படத்துக்குப் பின்னால் பெயர் எழுதுங்கள்

போன வாரம் எங்கள் குன்னூர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மலை ரயில், புகை விடும் எஞ்சின், அதன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய நாலு பேர். மேலே கொட்டை எழுத்தில் 'அரிய புகைப்படம், நீலகிரி, 1850' என்று போட்டிருந்தது. அன்று இரவுக்குள் அதே படம் ஆறு பேரிடமிருந்து எனக்கு வந்துவிட்டது.

1850இல் நீலகிரியில் ரயில் கிடையாது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியதே 1853இல்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்குப் போனது 1908இல். இதைக் குழுவில் எழுதினேன். "சரி விடுங்க, படம் நல்லா இருக்குல்ல" என்று பதில் வந்தது. படம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் விட முடியவில்லை.

வருடத்தைக்கூட விட்டுவிடலாம். யாராவது ஒருவர் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். அந்த நாலு பேர் யார்? நூறு பேர் இருக்கிற குழுவில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அதுதான் மனதைப் பிசைந்தது. எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவராக இருக்கலாம், தண்டவாளம் போட வந்தவராக இருக்கலாம். இன்றைக்கு வெலிங்டனிலோ அருவங்காட்டிலோ அவருடைய பேரனின் பேரன் அதே படத்துக்கு லைக் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், நான் போட்டோவோடு வளர்ந்தவள். அப்பா ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் எச்.பி.எஃப். என்றால்தான் தெரியும். 1960இல் தொடங்கி, 1967இலிருந்து உற்பத்தி நடந்த ஃபேக்டரி. அங்கே தயாரான 'இந்து' ஃபிலிமும் போட்டோ பேப்பரும் இந்தியா முழுக்கப் போயின. அது இருந்த இடத்துக்குப் பெயரே இந்து நகர். ஃபிலிமுக்கு மருந்து பூசுகிற இடம் கும்மிருட்டு. கையாலும் காலாலும் தடவியே வேலை பார்க்கப் பழகிவிட்டதால், வீட்டில் கரண்ட் போனால் அப்பா மட்டும் எதிலும் இடிக்காமல் நடப்பார். 'இந்தக் கை தொட்ட ஃபிலிம்ல ஊர்ப்பட்ட கல்யாணம் பதிஞ்சிருக்கு' என்பார். அவர் கைப்பட்ட ஃபிலிமில் பதிந்த முகங்கள் எத்தனை லட்சமோ. இன்று அந்த ஃபேக்டரி இல்லை. சரி, அது தனிக் கதை.

போட்டோவின் பிறப்பிலேயே இந்தப் பெயர்ப் பிரச்சினை இருக்கிறது. 1838இல் பாரிஸில் தாகேர் என்ற போட்டோ முன்னோடி ஒரு தெருவைப் படமெடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிசலாக இருக்க வேண்டிய தெரு. ஆனால் தகட்டில் பதிய நிமிடக் கணக்கில் நேரம் பிடித்ததால், நகர்ந்த எதுவும் பதியவில்லை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் மட்டும் ஒற்றைக் காலைத் தூக்கி வைத்து ஷூவுக்குப் பாலிஷ் போட வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரே இடத்தில் நின்றதால் அவர் பதிந்துவிட்டார். பாலிஷ் போடுகிறவர் அவர் காலடியில் கலங்கலாகத் தெரிகிறார், வேலை செய்கிற கை அசைந்துகொண்டுதானே இருக்கும். போட்டோவில் விழுந்த முதல் மனிதர்கள் என்று உலகம் சொல்கிற இரண்டு பேர் இவர்கள். இருவருக்கும் பெயர் இல்லை.

மறு வருடம், 1839இல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்ற இளைஞர் தன்னையே படமெடுத்துக்கொண்டார். விளக்கு வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. தலை கலைந்து, கையைக் கட்டிக்கொண்டு, சட்டத்தின் நடுவில்கூட இல்லாமல் சற்று ஒதுங்கி நிற்கிறார். அந்தப் படத்தின் பின்பக்கம் 'முதன்முதலாக எடுத்த ஒளிப்படம், 1839' என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருக்கிறது. பின்னால் எழுதிய அந்த ஒரு வரியால் அது ஆவணமாகிவிட்டது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மலையின் படங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

நீலகிரிக்குக் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. நிக்கோலஸ் சகோதரர்களுக்கு மதராஸிலும் ஊட்டியிலும் ஸ்டுடியோ இருந்தது. பென் என்ற ஆங்கிலேயர் ஊட்டியிலேயே பல வருடம் தங்கித் தொழில் நடத்தினார். இமயமலையைப் படமெடுத்துப் பேர்பெற்ற சாமுவேல் போர்ன் 1860களின் கடைசியில் இங்கேயும் வந்தார். அப்போது ஈரத் தகட்டு முறைதான். ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851இல் வெளியிட்டது அது. கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் என்ற பிசினை ஊற்றி, சாய்த்துச் சாய்த்து எல்லா மூலைக்கும் பரவவிட்டு, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பத்து நிமிடம் போனாலே பாழ். சமவெளி வெயிலில் அந்தப் பிசினில் இருக்கிற ஈதர் பறந்துவிடும், எங்கள் குளிர் அதற்குக் கொஞ்சம் தோதுப்பட்டிருக்கும். ஆனால் காகிதத்தில் பிரிண்ட் போட வெயில் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளை நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்துத்தான் பிரிண்ட் எடுத்தார்கள். ஜூன், ஜூலையில் குன்னூரில் வெயில் எப்போது தலைகாட்டும் என்று இங்கேயே பிறந்த எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இருட்டறைக்குக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர் எல்லாம் கூடவே போக வேண்டும். போர்ன் இமயமலைக்குப் போனபோது பல டஜன் சுமைகூலிகளைக் கூட்டிக்கொண்டு போனார். தலையில் கண்ணாடியைச் சுமந்து மலையேறி, ஒன்றும் உடையாமல் இறக்கிவைத்தவர்கள் அவர்கள். படத்தின் கீழ்மூலையில் போர்ன் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள் யாரென்று ஒரு இடத்திலும் இல்லை.

அப்புறம் தோடர்களின் படங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1872இல் இறந்தார். ஊட்டியில் அவர் பெயரில் பள்ளியே இருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளையும் பழைய கல்லறைகளையும் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1873இல் லண்டனில் வெளிவந்தது, போட்டோக்களோடு. அதே வருடம் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றி இன்னொரு புத்தகம் போட்டார். மண்டையின் வடிவத்தை வைத்து மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய காலம் அது. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று முகங்களைப் படம் பிடித்து வைத்தார்கள். அந்தக் காலத்துப் படங்களின் கீழே 'தோடர் குழு', 'படகப் பெண்', 'கோத்தர் இசைக்கலைஞர்கள்' என்று இருக்கும். எருமைக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், 'நீலகிரி எருமை' என்று.

எனக்குப் பிடித்த ஒரு படம் உண்டு. அரைவட்டக் கூரை போட்ட தோடர் வீட்டின் முன்னால் ஒரு குடும்பம். பெரியவர் பூத்துக்குளி என்கிற தோடர் சால்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்தி நிற்கிறார். பெண்களின் கூந்தல் சுருள் சுருளாகத் தொங்குகிறது. ஓரத்தில் இருக்கிற குழந்தைக்கு மட்டும் முகம் இல்லை, அசைந்துவிட்டது. மற்ற எல்லோரும் மூச்சடக்கி நின்ற நேரத்தில் அது தலையைத் திருப்பியிருக்கிறது. அந்தக் கலங்கலைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழந்தையைக் கூப்பிட வேண்டும்போல இருக்கும். என்னவென்று கூப்பிடுவது?

இந்தப் படத்துக்குத்தான் இப்போது ஆப் வைத்துக் கலர் போட்டுப் பகிர்கிறார்கள். 'உயிர் கொடுத்திருக்கிறோம்' என்று வேறு எழுதுகிறார்கள். இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் நீல வானம் வெள்ளையாக வெளிறிப் போகும். 1857-58இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், வெறும் வெள்ளையாக நின்ற வானத்தில் மேகத்தை நெகட்டிவின் மேல் கையால் வரைந்தார். சிவப்போ கறுப்பாக விழும். பூத்துக்குளியின் வேலைப்பாட்டில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் ஓடும், சில சமயம் நீலமும் வரும். பழைய தகட்டில் சிவப்பு, கறுப்பு இரண்டும் ஒன்றாகிவிடும், நீலம் இருக்கிற நிறத்தைவிட வெளுத்துத் தெரியும். ஆப் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? அது குத்துமதிப்பாக ஒரு பழுப்பைப் பூசிவிட்டுப் போகிறது. ஒரு சமூகத்தின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இழை எண்ணிப் போட்ட நிறம் அது.

தோலின் நிறமும் அப்படித்தான். நம் தோலிலிருந்து வருகிற ஒளியில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். நீலம் மட்டும் தெரிகிற தகட்டில் நாம் இருப்பதைவிடக் கறுத்துப் பதிவோம். 1873இல் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்தால் தகட்டுக்கு மற்ற நிறங்களும் தெரிய ஆரம்பிக்கும் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறமும் தெரிகிற தகடுகள் கடைக்கு வந்தது 1906இல். அதற்கு முந்தைய படங்களை வைத்துக்கொண்டு 'அந்தக் காலத்து ஆட்கள் என்ன கறுப்பு' என்று பேசுவதை இனியாவது நிறுத்துங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது என் வீட்டில். அம்மாவைப் பெற்ற அம்மாயியின் படம் ஒன்று இருக்கிறது, 1950களில் எடுத்தது. எஸ்டேட் வீட்டு வாசலில் ஐந்து பெண்கள். ஓரம் வளைவு வளைவாக வெட்டிய அட்டை, பின்னால் ஊதா மையில் அழிந்துபோன ஸ்டுடியோ முத்திரை. என் அக்கா மகன் ஆசையாக அதற்குக் கலர் போட்டு அனுப்பினான். அம்மாயிக்குப் பச்சைச் சேலை, பளிச்சென்று. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. பெரியம்மாவிடம் காட்டினேன். அவருக்கு எண்பத்து நாலு வயது. போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு கண்ணு?"

"அம்மாயிதான் பெரியம்மா."

"எங்கம்மா பச்சை கட்டமாட்டாங்க. அது அரக்கு. நான்தான மடிச்சு வைப்பேன். மூஞ்சியும் அவங்களாட்ட இல்ல."

கறுப்பு வெள்ளையில் அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் நிற்கும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று ஆப் இல்லாத கண்ணிமையை வரைந்திருந்தது, உதட்டைத் திருத்தியிருந்தது. பெற்ற தாயையே மகளுக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் பழைய படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்புறம் விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். இது அம்மா, இது சின்ன அத்தை, இது கணக்குப்பிள்ளை சம்சாரம். நாலாவதாக நிற்பவரை நாங்கள் யாரோ உறவு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தோம். உறவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்து கொழுந்து பறித்தவர். என் பெரியம்மா பிறந்தபோது அம்மாயிக்குப் பால் இல்லாமல் போய், இவர்தான் மூன்று மாதம் பால் கொடுத்திருக்கிறார். எண்பத்து நாலு வருடத்துக்கு முந்தைய கதை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் பெயரையும் பெரியம்மா சொன்னார். அதை இங்கே போடவில்லை, அவர் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன், முதலில் அவர்கள்தான் கேட்க வேண்டும். படத்தின் பின்னால், ஓரமாக, மெது பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிட்டேன். பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஈரத்தில் ஃபிரேமுக்குள் இருக்கிற படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தாவின் படம் அப்படி ஒட்டியிருந்தது. காப்பி எடுக்கக் கடையில் கொடுத்தபோது பிய்த்து எடுத்துவிட்டார்கள். நெற்றியும் ஒரு கண்ணும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. அவருக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு வைத்துச் சாய்வெளிச்சத்தில் போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களைப் பகிர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகிருங்கள். எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள், வருடம் தெரியாவிட்டால் போடாமல் விடுங்கள், கலர் போடாத படத்தைப் போடுங்கள். தோடர்கள் இன்றும் 2,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். லண்டன் அலமாரிகளில் இருக்கிற அந்த 1870களின் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மந்து என்கிற தோடர் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் காட்டினால், எந்த மந்து, எந்தக் குலம், யார் சாயல் என்று அவர்கள் சொல்லக்கூடும். அரசு செய்யலாம், கல்லூரிப் பிள்ளைகள் செய்யலாம். படகர் ஊர்களான ஹட்டிகளிலும் கோத்தர் ஊர்களான கோக்கால்களிலும் எஸ்டேட் லயங்களிலும் இதையே செய்யலாம். சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் பதினோரு படம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கோத்தகிரி போகிறேன். பென்சிலைச் சீவி வைத்துவிட்டேன்.