நோட்டுப் புத்தக அளவில் ஒரு வானம்

போலந்து ஓவியம் என்று பேச்செடுத்தாலே யான் மத்தேய்கோ என்ற ஓவியரிடம்தான் போய் நிற்கும். போலந்து ஜெயித்த ஒரு பழைய போரை வைத்து 1878-ல் அவர் வரைந்து முடித்த கிருன்வால்ட் போர் ஓவியம் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், 4 மீட்டருக்கு மேல் உயரம். போலந்தை மூன்று பேரரசுகள் பங்குபோட்டு வைத்திருந்த காலம் அது. பழைய வெற்றியைச் சுவரளவுக்கு வரைந்து காட்டவேண்டிய தேவை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு, நிலக்காட்சிகளை வரைந்த யான் ஸ்தனிஸ்வாவ்ஸ்கி என்ற இன்னொரு போலந்து ஓவியருக்குத்தான்.

1860-ல் உக்ரைனில் பிறந்தவர். வார்சாவில் கணிதம் படித்துவிட்டு, அப்புறம்தான் தூரிகை பிடித்தார். ஆள் நல்ல பருமன். வரைந்ததோ பெரும்பாலும் நோட்டுப் புத்தக அளவு அட்டைகளிலும் பலகைத் துண்டுகளிலும். 'இதெல்லாம் பெரிய படத்துக்கான முன்வரைவு' என்று சிலர் ஒதுக்குவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பெரிய படம் என்று ஒன்று அவர் மனசிலேயே இல்லை. வெயில் நகர்வதற்குள் அங்கேயே உட்கார்ந்து முடிக்க அந்த அளவுதான் தோது.

முட்செடிகளை வரைந்திருக்கிறார் பாருங்கள். வயலோரத்தில் யாரும் சீந்தாத செடி. அதை முன்னால் கொண்டுவந்து படத்தையே அதற்குக் கொடுத்துவிட்டார். நின்று பார்த்து வரைந்தால் அப்படி அமையாது; தரையோடு தரையாகக் குனிந்திருக்க வேண்டும். மேகங்களை வரையும்போது நேர்மாறு: நிலம் அடியில் ஒரு கீற்றுதான், மிச்சமெல்லாம் வானம். மனிதர்கள் அபூர்வம்.

1897-ல் அவர் கிராக்கோவ் ஓவியப் பள்ளியில் பேராசிரியரானார். ஒருகாலத்தில் அதே மத்தேய்கோ தலைவராக இருந்த பள்ளி! இவர் மாணவர்களை அறையைவிட்டு வெளியே கிளப்பி, சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் ஸகோபானே மலைப்பக்கமும் கூட்டிப்போய் வரையவைத்தார். கமோத்ஸ்கி, ஃபிலிப்கியேவிச் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். சிலர் கடைசிவரை குருவின் சாயலிலிருந்து மீளவே இல்லை என்பது என் குறை. 1907-ல், 46 வயதில், அவர் இறந்துபோனார்.

ஃபோனில் மத்தேய்கோவைத் திறந்தால் குதிரையும் வாளும் கூழாகத் தெரியும். ஸ்தனிஸ்வாவ்ஸ்கி படங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், கிட்டத்தட்ட அசல் அளவிலேயே பார்த்துவிடலாம். முட்செடியிலிருந்து ஆரம்பியுங்கள்.