கன்று குடித்த மிச்சம்

போன கிழமை வேலைத்தலத்தில் தேத்தண்ணி நேரம் ஒரு தங்கச்சி கேட்டாள்: "மாட்டுக்கு என்ன செலவு அண்ணா, புல்லு சும்மாதானே கிடக்கு? பிறகேன் பால் இந்த விலை?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் அன்று முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

என் மாமா மட்டக்களப்பில் சித்தாண்டிப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர். நாட்டு மாடு கன்று வாய் வைக்காமல் லேசில் பால் விடாது. இரவு பிரித்துக் கட்டிய கன்றை விடியப்புறம் அவிழ்த்து, ஊட்டவிட்டு, மடி சுரந்த பிறகுதான் கறவை. ஒரு மாட்டில் ஒரு லீட்டர், மிஞ்சினால் இரண்டு. வெயில் ஏற முன்னம் அதைச் சேகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். பிந்தினால் திரைந்து போகும். அங்கே கொழுப்பு அளந்துதான் காசு. காய்ச்சல், கலியாணம், செத்தவீடு எதுவானாலும் மறுநாள் விடிய அவர் பட்டியில் நிற்க வேண்டும்.

புல்லும் சும்மா கிடக்கவில்லை. பெரும்போகத்தில் வயலெல்லாம் வேளாண்மை. மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். அந்த மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர் செய்வதை நிறுத்தச் சொல்லித்தான் 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். மாதக்கணக்காகக் குந்தினார்கள். கொழும்பில் என்னோடு தேத்தண்ணி குடிப்பவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

2021 கடைசியில் பால்மா தட்டுப்பட்டபோது மட்டும் எல்லோரும் பாலைப் பற்றிப் பேசினோம். ஆளுக்கு ஒரு பக்கெட் என்று கடைக்காரர் எண்ணித் தந்த காலம். நமக்கு அங்கர் என்றாலே பால்மாதான். பாலென்றாலும் அதுதான். அதில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருகிறது. உள்ளூர்ப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் "மணக்குது" என்கிறோம். அது பாலின் மணம்.

இன்னொரு நண்பர் வெளிநாட்டுப் பெரும்பண்ணை வீடியோக்களை அனுப்பி, பால் குடிப்பதே பாவம் என்பார். அவர் இரக்கத்தை மதிக்கிறேன். இங்கேயும் கன்றுக்கு மிச்சம் வைக்காமல் ஒட்டக் கறப்பவர்கள் உண்டு. நாம்பன் கன்றுகள் இறைச்சிக்குப் போவதும் உண்மை, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் மாடு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதரை அந்த வீடியோவை வைத்து எடைபோடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஏப்ரல் லீவுக்கு அந்தத் தங்கச்சியையும் அவள் வீட்டாரையும் ஊருக்குக் கூட்டிப் போகிறேன். மாமாவிடம் சொன்னேன். "விடிய நாலரைக்கு எழும்புவாங்களா, மனே?" என்று மட்டும் கேட்டார்.