கட்டினவர் பிட்சுர்கா, குடிபோனவர்கள் வேறு

ருமேனியக் கால்பந்து என்றால் நம் ஆட்களுக்கு ஹாஜி. 1994 உலகக்கோப்பையில் கொலம்பியா கோல்கீப்பரின் தலைக்கு மேல் தூரத்திலிருந்து தூக்கிப் போட்ட அந்த கோல். அதோடு கதை முடிந்துவிடும். விக்டர் பிட்சுர்கா என்ற பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் "அந்தக் கட்டை போடுற கோச்சா?" என்பார்கள், தடுப்பாட்டமே கதி என்று ஆடவைப்பவர் என்ற அர்த்தத்தில்.

ருமேனியா இதுவரை ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது ஆறே முறை: 1984, 1996, 2000, 2008, 2016, 2024. இதில் 2000, 2008 இரண்டுக்கும் தகுதி வாங்கித் தந்தவர் பிட்சுர்கா. 2016க்கான தகுதிச் சுற்றைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். ஆறில் மூன்றில் ஒருவரின் கை இருக்கிறது, ஆனால் ஒரு கோச்சாக யூரோ மைதானத்தின் ஓரத்தில் அவர் நின்றது மூன்றே ஆட்டங்கள். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும். அவரை நியாயமாக எடைபோட வேண்டுமென்றால் தகுதிச் சுற்றுகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஆட்டக்காரர். 1956இல் டோல்ஜ் மாவட்டத்து ஒரோடெல் கிராமத்தில் பிறந்தவர். பெரிய கிளப்பில் நிலைத்து நிற்பதற்கே 27 வயதானது. அதற்கு முன் ஓல்ட் ஸ்கோர்னிசெஸ்டியில் ஆடினார். அது ருமேனியாவை அப்போது ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்குவின் சொந்த ஊர்க் கிளப். 1983இல் ராணுவத்தின் கிளப்பான ஸ்டெயாவா புக்காரெஸ்டுக்கு வந்தார். ஓட்டத்தில் மிரட்டுகிற ஆள் இல்லை. வலப்பக்கம் லக்கத்தூஷ் ஓடுவார், நடுவில் போலோனி பந்தை ஆறப்போட்டுக் கொடுப்பார், பிட்சுர்கா பெனால்டி பாக்ஸுக்குள் காத்திருப்பார். அவருடைய வேலை அந்தச் சின்னப் பரப்புக்குள்தான்.

கிளப்புகளுக்கான 1986 ஐரோப்பியக் கோப்பை என்றதும் எல்லோருக்கும் ஸ்டெயாவா கோல்கீப்பர் டுக்கடம் நினைவுக்கு வருவார். செவில்லே இறுதியாட்டத்தில் பார்சிலோனாவின் நான்கு பெனால்டிகளையும் தடுத்தவர் அவர், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஸ்டெயாவா செவில்லே போய்ச் சேர்ந்தது எப்படி? காலிறுதியில் பின்லாந்தின் குசிசி லாதி அணியோடு முதல் ஆட்டம் 0-0. இரண்டாவதில் 86ஆம் நிமிடம் வரை கோலே இல்லை, அப்போது அடித்தவர் பிட்சுர்கா. அரையிறுதியில் ஆண்டர்லெக்ட்டிடம் வெளியூரில் 0-1 தோல்வி. புக்காரெஸ்டில் 3-0 வெற்றி, அதில் இரண்டு கோல் அவருடையது. நாலாவது நிமிடத்திலேயே முதல் கோல் விழுந்ததில் ஆண்டர்லெக்ட் கொண்டுவந்த முன்னிலை கரைந்துபோனது.

இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் அவரை வெளியே எடுத்து மரின் ராடுவை இறக்கினார்கள். பெனால்டி அடிக்கும்போது அவர் களத்தில் இல்லை. கோச் எமெரிக் யெனெய். அவருக்கு உதவிக் கோச் ஆங்கெல் யோர்டனெஸ்கு, ஆட்டக்காரராகவும் பதிவு செய்யப்பட்டிருந்ததால் அவரே 72ஆம் நிமிடத்தில் களமிறங்கினார். இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரைக்கராக அவருக்கு உச்சம் 1987-88. 18 அணிகள், 34 சுற்றுகள், 34 கோல், லீக்கின் கோல் பட்டியலில் முதலிடம். இந்த எண்ணை அந்தக் காலத்து ருமேனியப் பட்டியலில் வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். முந்தைய சீசனில் டினமோவின் கமட்டாரு 44 கோல். அதில் கணிசமான பங்கு சீசனின் கடைசிச் சில ஆட்டங்களில் குவிந்தது. பேசிவைத்து அடித்த கோல்களோ என்ற சந்தேகம் அவ்வளவு பலமாக இருந்ததால், பிற்பாடு ஆஸ்திரியாவின் டோனி போல்ஸ்டருக்கும் ஒரு தங்கக் காலணி (ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான விருது) கொடுத்துச் சமாளித்தார்கள். அடுத்த சீசனில் மட்டேயுட்ஸ் 43. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற 34ஐத்தான் நான் நம்புவேன். அப்போது ஸ்டெயாவாவுக்கும் அரண்மனை ஆதரவு இருந்தது உண்மைதான், யாரும் அங்கே துறவி இல்லை. 1989இல் இரண்டாவது ஐரோப்பிய இறுதியாட்டம் ஆடி மிலானிடம் 0-4 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு பிரான்ஸின் லான்ஸ் கிளப்பில் ஒரு சீசன், அவ்வளவுதான்.

இனி கோச். 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1998 உலகக்கோப்பை முடிந்ததும் யோர்டனெஸ்குவிடமிருந்து தேசிய அணியை வாங்கினார். யூரோ 2000 தகுதிச் சுற்றில் போர்ச்சுகல், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, அஜர்பைஜான், லீக்டன்ஸ்டைன் இருந்த பிரிவு. பத்து ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று டிரா. வாங்கிய கோல் மூன்றே மூன்று. அந்தப் போர்ச்சுகலில் ஃபிகோ, ருய் கோஸ்டா எல்லாம் இருந்த காலம். அவர்கள் மண்ணில் கடைசி நிமிடத்தில் டொரினெல் முந்தியானு அடித்து 1-0. முடிவில் ருமேனியா 24 புள்ளி, போர்ச்சுகல் 23. அந்த ஒரே ஆட்டத்தைக் கழித்துப் பாருங்கள், பிரிவே தலைகீழாகிவிடும்.

பிறகு யூரோவுக்கு அவரே போனாரா? இல்லை. ஹாஜி உள்ளிட்ட மூத்த வீரர்களோடு முட்டிக்கொண்டார், பதவி போனது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் உடை மாற்றும் அறையில் ஹாஜிக்கு எதிராக நின்று ஜெயிக்க ருமேனியாவில் எந்தக் கோச்சாலும் முடியாது, அதை முன்கூட்டியே கணிக்காதது பிட்சுர்காவின் பிழை. வந்து உட்கார்ந்தவர் யெனெய், செவில்லேயின் அதே யெனெய். இங்கிலாந்தை 3-2 என்று வென்று காலிறுதி வரை போனார்கள். பாராட்டு முழுக்க யெனெய்க்கும் ஹாஜிக்கும்.

பிட்சுர்கா ஸ்டெயாவாவுக்குப் போய் 2000-01 லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2004 கடைசியில் மறுபடியும் தேசிய அணி. இந்த முறையும் இடத்தைக் காலி செய்தவர் யோர்டனெஸ்கு.

யூரோ 2008 தகுதிச் சுற்றுதான் என் பார்வையில் அவருடைய சிறந்த வேலை. 12 ஆட்டங்களில் 9 வெற்றி, 2 டிரா, சோஃபியாவில் பல்கேரியாவிடம் ஒரே தோல்வி. 26 கோல் அடித்து 7 வாங்கினார்கள். நெதர்லாந்துக்கு மேலே முதலிடம்: 29க்கு 26. ரோட்டர்டாமில் 0-0, கான்ஸ்டான்ட்சாவில் தடுப்பாளர் கோயான் அடித்த கோலால் 1-0. ஒரே எதிராளியிடம் நான்கு புள்ளி, ஒரு கோல்கூட வாங்காமல். அணியின் சூத்திரம் எளிது. தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையில் இடைவெளி விடாதே, பக்கத் தடுப்பாளர்களில் ஒருவர் முன்னேறினால் மற்றவர் நிற்கட்டும், பந்தைப் பறித்ததும் தாக்குதல் வீரர் அட்ரியான் முட்டுவைத் தேடு, கார்னரில் கோயானைத் தேடு. பாக்ஸுக்குள் பிழைத்த ஸ்ட்ரைக்கர் கோச்சானால் எதிரணி ஸ்ட்ரைக்கருக்கு எந்த இடம் வேண்டும் என்று தெரியும், அந்த இடத்தை முதலில் மூடுவார்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு நோய் உண்டு. முதல் கோலை நாம் வாங்கிவிட்டால் மருந்து கிடையாது. அடுத்த உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் அதுதான் நடந்தது. 2008 செப்டம்பரில் முதல் ஆட்டமே க்ளூஜில் லிதுவேனியாவிடம் 0-3. ஃபாரோ தீவுகளை 1-0 என்று தாண்டினார்கள். பிரான்ஸுக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்து 2-2. பிறகு செர்பியாவிடம் 2-3, ஆஸ்திரியாவிடம் 1-2. ஐந்து ஆட்டங்களில் நாலு புள்ளி. 2009 ஏப்ரலில் வெளியே. பிற்பாடு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்து செய்த 2014 உலகக்கோப்பைக்கான முயற்சியும் இதே மாதிரி. நெதர்லாந்திடம் 1-4, 0-4, எப்படியோ இரண்டாமிடம், பிளே-ஆஃபில் கிரீஸிடம் முதல் ஆட்டத்திலேயே 1-3. புக்காரெஸ்டில் 1-1, முடிந்தது.

பிறகு 2014 அக்டோபர். யூரோ 2016 தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஆகியிருந்தது: கிரீஸில் 1-0, ஹங்கேரியோடு 1-1, ஹெல்சிங்கியில் 2-0. ஏழு புள்ளி. நல்ல தொடக்கம். அந்த நேரத்தில் சவூதியின் அல் இத்திஹாத் கூப்பிட்டது, போய்விட்டார். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2000இல் அவரைத் தள்ளினார்கள், இது அவரே இறங்கிப் போனது. வந்தவர் யார் தெரியுமா? யோர்டனெஸ்கு. செவில்லே பெஞ்சின் இன்னொருவர்.

மீதி ஏழு ஆட்டங்களில் யோர்டனெஸ்கு அணி 13 புள்ளி எடுத்தது. அடித்தது ஏழு கோல், அதில் மூன்று கடைசி ஆட்டத்தில் ஃபாரோ தீவுகளுக்கு எதிராக. வட அயர்லாந்து, ஹங்கேரி, கிரீஸ் மூவருடனும் 0-0. மொத்தப் பத்து ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல். கட்டை போடுவது பிட்சுர்காவின் தனிச்சொத்து என்கிறவர்கள் இந்த மூன்று 0-0ஐ எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? 2016 பிரான்ஸில் பிரிவிலேயே கடைசி இடம். அடித்த இரண்டு கோலும் பெனால்டி. அல்பேனியாவிடமும் தோல்வி.

அவர் நேரில் நின்ற அந்த மூன்று யூரோ ஆட்டங்களுக்கு வருகிறேன். 2008, இத்தாலி, பிரான்ஸ், நெதர்லாந்தோடு ஒரே பிரிவு. பிரான்ஸோடு ஆடிய 0-0 போரடித்தது, மறுக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஏற்கனவே முதலிடம் உறுதியாகி முன்னணி ஆட்களை உட்கார வைத்திருந்த நெதர்லாந்திடம் 0-2 தோற்றது மன்னிக்க முடியாதது. ஜெயித்தே ஆகவேண்டிய நாளில் ஜெயிக்க ஒரு வழி வைத்திருக்கவில்லை, அது முழுக்க கோச்சின் குறை.

நடுவில் இத்தாலி ஆட்டம் இருக்கிறது. முழுதாகக் கிடைத்தால் பாருங்கள். 25ஆம் நிமிடத்தில் ரடோய் தன் அணியின் ராட்ஸோடு தலை மோதி வெளியே போகிறார். தடுப்பு வரிசைக்கு முன் நிற்கிற ஆள் போனதும் 'கட்டை போடுகிற' கோச் இன்னொரு தடுப்பாளரைத்தானே இறக்குவார்? இறக்கியது நிக்கோலாயே டீக்காவை, தாக்குதல் மிட்ஃபீல்டர். 55ஆம் நிமிடத்தில் இத்தாலியின் சாம்ப்ரோட்டா தலையால் தன் கோல்கீப்பருக்குத் தள்ளிய பந்து குறைந்துபோக, முட்டு புகுந்து அடித்தார். அடுத்த நிமிடமே கார்னரில் பனுச்சி சமன் செய்தார். 81ஆம் நிமிடம் பெனால்டி. உள்ளே போயிருந்தால் உலகச் சாம்பியன் இத்தாலி அன்றே வீட்டுக்கு, ருமேனியா நாலு புள்ளியோடு உட்கார்ந்திருக்கும். முட்டு அடித்தார், பஃபோன் தடுத்தார்.