இலையைக் கொதிக்க வைக்காதீர்கள், மாமா

ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடை காதுகுத்தில் நடந்தது இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வீடியோவே சுற்றுகிறது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போவதோடு அது முடிகிறது. கோபித்துக்கொண்டு போனேன் என்கிறார்கள். வண்டிச் சாவி எடுக்கப் போனேன். சரி, கொஞ்சம் கோபமும்தான்.

விஷயம் ஒன்றுதான். இலைத் தேயிலையைக் கொதிக்க வைக்கக் கூடாது. குன்னூரிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்த 100 கிராமில் பாதியைச் சமையல்காரர் பால் குண்டாவில் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, சீனியை அள்ளிப் போட்டார். குடித்தவர்கள் "சப்புன்னு இருக்கே" என்றார்கள். சப்பென்று மட்டுமா, கசந்தும் இருந்தது. இருக்காதா பின்னே?

நம் டீக்கடைத் தூள் பெரும்பாலும் சிடிசி. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. 1930களில் அஸ்ஸாமில் வந்த இயந்திரம். குருணை சின்னது என்பதால் சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். முழு இலையின் கதையே வேறு. வாடவைத்து, உருட்டி, காற்றுப்பட்டுச் சிவக்கவிட்டு உலர்த்தியது அது. அதற்கு வாசனைதான் சொத்து. அடுப்பில் போட்டுக் காய்ச்சினால் வாசனை ஆவியோடு போய்விடும், துவர்ப்பு மட்டும் உங்களுக்கு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு டம்ளருக்கு இரண்டரை கிராம் இலை போட்டு மூடி, மூன்று நிமிஷத்தில் வடிகட்ட வேண்டும். ஐந்தாறு நிமிஷம் விட்டால் நாக்கு இழுக்கும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். அந்த இலையில் லேசாகப் பூ வாசம், அதற்குப் பின்னால் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல் ஒன்று. அதை இஞ்சிக்கு அடியில் தேடினால் எங்கே கிடைக்கும்?

தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் போட்டால் டீ மங்கிப்போய் மேலே படலம் கட்டும். உப்புத் தண்ணீருக்கு அதுதான் குணம். கேன் தண்ணீர் பரவாயில்லை. அப்புறமும் இலையைக் கொதிக்க வைக்காதீர்கள்.

"காசு கூடிப்போச்சு, திமிர்" என்று ஒருவர் எழுதுவார், தெரியும். 100 கிராம் 380 ரூபாய். நாற்பது டம்ளர் வரும். ஒரு டம்ளர் ஒன்பதரை ரூபாய். அதே இலையில் இரண்டாம் தண்ணீரும் விடலாம். முக்குக் கடை டீ 15 ரூபாய். யாருக்குத் திமிர்? உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்கள் டாக்டரிடம் போகவும். "அப்ப பால் டீ குடிக்கிறவன் முட்டாளா?" நானே மாட்டுத்தாவணியில் நின்று தினம் குடிக்கிறேன். மாஸ்டர் ஆத்துகிற ஆத்தில் பாதி ருசி. அதற்குத் தூள், இதற்கு இலை. இதைப் புரியவைக்க இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

கசந்த டீக்காக நான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வீடியோவில் மாமா சொல்வது சரியாகக் கேட்காது. "சிலோன்காரி பேரன்தானே, பாலைக் கண்டானா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பத்தா இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினாள். அவளுடைய தாத்தா கிளம்பிப்போன மதுரைச் சீமைக்கே வந்து, சாகும்வரை சிலோன்காரியாக இருந்தாள். மதியம் திண்ணையில் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு மடக்கு தேத்தண்ணி, ஒரு நக்கு சீனி. எனக்கும் ஒரு நக்கு உண்டு. கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தட்டால் மூடிவைப்பாள், அடுப்பில் ஏற்ற மாட்டாள். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் கை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

"உங்க அப்பத்தா ஆசைப்பட்டா பால் இல்லாமக் குடிச்சுச்சு?" என்று தம்பியே கேட்டான். இல்லை. பால் இல்லை, அதனால் குடித்தாள். நல்ல இலை பெட்டியில் ஏறி வெளிநாட்டுக்குப் போனது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தது தூசு. நான் இப்போது குடிக்கிற இலையை அவள் ஆயிரக்கணக்கான கூடை கிள்ளியிருப்பாள், ஒரு டம்ளர் குடித்திருக்க மாட்டாள். அதற்கு நான் என்ன செய்ய? அவளுக்குப் போட்டுக் கொடுக்க முடியாது. மாமாவிடம்தான் கொண்டுபோனேன்.

"விளையாட்டாச் சொன்னதுக்கு இவ்வளவு நீளமா?" ஆமாம், நீளம்தான்.

மீதி 50 கிராம் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. மாமா வீட்டுக்கு வந்தால் சொல்லுங்கள், முக்குக் கடையில் பால் டீ வாங்கித் தருகிறேன். ஆடை போட்டு.