அந்தப் பாட்டிலைப் பையில் போட்டால் கை உடைந்துவிடுமா?

ஒகேனக்கல் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெறுங்காலோடு பாறையில் ஓரடி வைக்கவே இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகளின் உள்ளங்காலைப் பீர் பாட்டில் சில்லு கிழித்துவிட்டது. ஏழு வயசுக் குழந்தை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மெயின் அருவியில் நிற்க இடமில்லை. சரி, கூட்டத்தில் குழந்தை நசுங்க வேண்டாம் என்று, குளிக்க விடுகிற பகுதியிலேயே கொஞ்சம் தள்ளி ஒரு மடுவுக்குப் போனோம். மேலே இருந்து சின்னதாகத் தண்ணீர் விழும். அதற்குப் பின்னால் பாறை உள்வாங்கி ஒரு குகை. உள்ளே போய் நின்றால் சத்தம் காதை அடைக்கும், சாரல் முகத்தில் அடிக்கும். அதற்காகத்தான் அவள் வழியெல்லாம் "இன்னும் எவ்வளவு தூரம் மாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

குகை வாசலில் நாலைந்து பையன்கள். ஒருவன் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். குடித்துவிட்டுப் போ. பாட்டிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொண்டுவந்த பை அவன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி கிடந்தது. குனியக்கூட வேண்டாம், கையை விட்டால் அதில்தான் விழும். அவனோ எழுந்து நின்று, கையைப் பின்னால் இழுத்து, குகைச் சுவரைப் பார்த்து வீசினான். சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. மற்றவர்கள் விசில் அடித்தார்கள். அதோடு விட்டார்களா? "மச்சான், வீடியோ எடுக்கல, இன்னொரு தடவ அடிடா" என்றான் ஒருத்தன். இன்னொரு பாட்டில் எடுத்தார்கள். அதில் கொஞ்சம் மீதி இருந்தது. அதைத் தண்ணீரில் ஊற்றிவிட்டு, செல்போனைச் சரியாகப் பிடிக்கும் வரைக்கும் காத்திருந்து, நிதானமாக உடைத்தார்கள்.

நான் கத்தினேன். வந்த பதில்: "விடுங்கண்ணா, வெள்ளம் வந்தா அடிச்சுட்டுப் போயிடும்."

போகாதுடா. காவிரி வேகமாகச் சுழலும்போது கூழாங்கற்கள் பாறையை அரைத்து அரைத்துத் தோண்டியவைதான் அங்கே இருக்கிற குழிகள். கல் எந்தக் குழியில் போய்த் தங்குகிறதோ, கண்ணாடிச் சில்லும் அங்கேதான் போய்த் தங்கும். அந்தக் குழிகளில்தான் நாம் காலை ஊன்றிக் குளிக்கிறோம். 2018-லும் 2022-லும் லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்றா? குழிக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

குழந்தையைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வரும்போது, "மாமா, காலுல என்னமோ குத்துது" என்றாள். தூக்கினேன். தண்ணீரில் இருந்து கால் வெளியே வந்ததும் ரத்தம் கொட்டியது. கட்டை விரலுக்குக் கீழே, பழுப்பு நிறத்தில், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. எண்ணெய் மசாஜ் செய்கிற பெரியவர் ஒருவர் ஓடி வந்து, தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். "தெனமும் பொறுக்கறேன் சாமி, தீரவே மாட்டேங்குது" என்று கையை விரித்துக் காட்டினார். எண்ணெய் ஊறிய அந்த விரல்களில் வெட்டுத் தழும்பு இல்லாத இடம் குறைவு. அந்தப் பையன்கள் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாஸ்மாக் கடையில் காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார்கள். 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்து, அப்புறம் நம் தர்மபுரிக்கும் வந்துவிட்ட திட்டம். எதற்காக? மலையிலும் ஆற்றிலும் காட்டிலும் கண்ணாடி விழக் கூடாது என்றுதானே? உங்கள் காசையே உடைத்துப் போட்டுவிட்டு அடுத்தவன் காலை ஏன் கிழிக்கிறீர்கள்?

இது வெறும் குளிக்கிற இடம் இல்லை. புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல் எல்லாம் கறை பிடித்து, எலும்பு வளைந்து கிடந்த மாவட்டம் இது. 2013-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்கு இந்த ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. எங்கள் அம்மா அந்தக் குழாயைத் தொட்டுக் கும்பிட்டவர். அந்த ஆற்றில் நின்றுகொண்டு இவர்கள் பீரை ஊற்றுகிறார்கள், ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் போடுகிறார்கள், குழந்தையின் டயப்பரைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். கேட்டால் நம்மை முறைக்கிறார்கள்.

அப்புறம், தையல் போடப் பென்னாகரம் ஓடுகிறோம். மலைப்பாதை வளைவில் நடு ரோட்டில் ஒரு கார் நிற்கிறது. குடும்பமே இறங்கிக் குரங்குகளுக்குச் சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறது, பாக்கெட்டோடு. ஆரன் அடித்தால், "கொஞ்சம் இருங்க சார், பையன் சந்தோஷப்படறான்" என்கிறார் அந்த அப்பா. என் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. காட்டில் பழமும் இலையும் தின்ற குரங்கை ரோட்டோரப் பிச்சைக்காரனாக்கி, வண்டியில் அடிபட வைப்பதும் நீங்கள்தான்! காரை எடுய்யா முதல்ல!