சிறுகிழங்கு இல்லாத பொங்கல் இலை

இந்தப் பொங்கலுக்குச் சென்னையில் எங்கள் குடும்பத்தில் கேட்டரிங் சாப்பாடு; இலையில் சிறுகிழங்கே இல்லை. சிறுகிழங்கு என்பது மண்ணுக்குள் விளைகிற, கறுத்த தோலுள்ள சின்னக் கிழங்கு. அந்த இலையைப் படமெடுத்துக் கோபமாக முகநூலில் போட்டேன், கீழே சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு எழுதினார்கள். "ஒரு கிழங்குக்கா இவ்வளவு கோபம்?" என்று இன்னும் இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஆமாம், கிழங்குக்குத்தான். திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுப் பொங்கல் இலையில் சிறுகிழங்கு இருக்கவேண்டிய இடத்தில் உருளைக்கிழங்கு மசாலாவும் பனீர் கிரேவியும் இருந்தால் கோபம் வராமல் என்ன வரும்?

எங்கள் பக்கம் பொங்கல் என்பது சர்க்கரைப் பொங்கலோடு முடிகிற விஷயமில்லை. விடியற்காலையில் வாசலில் பொங்கலிட்டு, பனங்கிழங்கு, மஞ்சள் குலை, கரும்பு, காய்கறி எல்லாவற்றையும் பச்சையாகவே படைத்து, அப்புறம் அந்தக் காய்களைப் போட்டே இடிசாம்பார் வைப்பார்கள். பூசணி, அவரை, வாழைக்காய், சேனை என்று அந்த மாசத்துக் காய்கள். கூடவே தேங்காய் போட்ட சிறுகிழங்குப் பொரியல். மார்கழி, தையில் தென்காசிக்குப் பக்கத்துப் பாவூர்சத்திரத்தில் மண்ணோடு வந்து இறங்கும், கொஞ்ச நாளில் கண்ணிலேயே படாது. அதனால்தான் அது பண்டிகைக்கு உரியது. உருளைக்கிழங்கைப் பன்னிரண்டு மாசமும் தின்கிறோம், பொங்கலன்றும் அதையே தின்ன எதற்குப் பொங்கல்?

"ரெண்டும் கிழங்குதானே" என்று மதினி எழுதியிருந்தார்கள். இல்லை. சிறுகிழங்கு வெந்தாலும் குழையாது, பல்லில் லேசாக அழுந்தும், ஒரு மண்வாசனை கடைசிவரை இருக்கும். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஸ்ரீ தாரா என்று ஒரு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஒன்றுமில்லாத கிழங்குக்கா அதைச் செய்வார்கள்?

உடனே ஒருவர், மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே, அதையும் விட்டுவிடுவீர்களா என்கிறார். வந்ததுதான், இருக்கட்டும். நான் ஊர் பிரித்துப் பேசவில்லை, எங்கள் வீட்டு இலையைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்னொன்றுதான் உண்மையில் வலித்தது. பெண்களை அடுப்படியிலேயே கட்டிப்போடப் பார்க்கிறேனாம். அடுப்படியில் நிற்பவளே நான்தான். எங்கள் வீட்டில் சிறுகிழங்கு சுத்தம் பண்ணுவது தாத்தா வேலை. ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் புரட்டிப் புரட்டி அடிப்பார். பாதித் தோல் அதிலேயே போய்விடும். மீதியைப் பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து கத்தியால் சுரண்டுவோம். நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கறை போகாது. ஆச்சி தேங்காய் துருவுவதோடு சரி. வேலை ஜாஸ்தி என்றால் ஆண்களும் உட்கார்ந்து செய்யுங்கள், யார் வேண்டாமென்றது? வேலையைப் பங்கு போடுவதை விட்டுவிட்டு இலையிலிருந்து கிழங்கை எடுத்துவிட்டு, அதற்கு முற்போக்கு என்று பெயர் வைக்காதீர்கள்.

குடும்ப விஷயத்தை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு: குடும்ப குரூப்பில்தான் முதலில் எழுதினேன். படித்த அத்தனை பேரில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

அம்மா ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சென்னை வந்தாள். கட்டைப்பை நிறைய சிறுகிழங்கு, மண்கூட உதறாமல், காய்ந்துபோகுமே என்று ஈரத்துணி போட்டு மூடி. போகி அன்று சாயங்காலம்தான் அவளிடம் கேட்டரிங் சொல்லியாச்சு என்றார்கள். முன்னாலேயே சொல்ல ஒரு போன் பண்ண முடியாதா? "அத்தையே ஒண்ணும் சொல்லலை, உனக்கென்ன?" என்று மதினி கேட்கிறார்கள். அம்மா என்றைக்கு எதைச் சொல்லியிருக்கிறாள்? "சரி, பிள்ளைகளுக்குப் பிடிச்சதைச் செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் பையை பால்கனியில் கொண்டுபோய் வைத்தாள். மிஞ்சின குழம்பு, கறியையெல்லாம் சேர்த்து மறுநாள் சுண்டவைக்கிற சுண்டக்கறி என்ற பேச்சே இல்லை. மிஞ்சின பனீர் குப்பைக்குப் போனது.

அடுத்த பொங்கலுக்கும் கேட்டரிங்தான் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் கேளுங்கள், அடுப்பில் ஒரு பர்னரை அவளுக்கு விடுங்கள். கிழங்கை நான் சுரண்டித் தருகிறேன். அண்ணனும் வந்து பக்கத்தில் உட்காரட்டும்.